கொன்றவர் யாரென்று அறியாதவிடத்து

துப்பறியும் கதை வாசிப்போர் யாவரும் இறுதிப் பக்கத்தை நோக்கியே விரைகின்றனர். ஒரு குடும்பத்தில் கொலை நிகழ்கிறது. வீட்டார் ஒவ்வொருவர் மீதும் ஐயம் எழுகிறது. முடிவில் கொலையாளி அகப்படுகிறான். வாசிப்பவர் மனநிறைவோடு நூலை மூடுகிறார். இதிற் குற்றமில்லை. ஆலையில் இரவு ஷிப்டு பார்த்த காலத்தில் நாமும் இத்தகைய நூல்கள் பலவற்றை வாசித்தோம். ஆயின், வாழ்வில் நிகழும் கொலைகள் சிலவற்றுக்கு இறுதிப் பக்கம் கிடைப்பதில்லை. அவ்விடத்து நம் மனமும் நாவும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

2008ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் காலை, டில்லியை அடுத்த நொய்டா நகரில், பல் மருத்துவர்களான தம்பதியரின் வீட்டில், 14 வயது நிரம்பாத அவர்தம் ஒரே மகள் ஆருஷி தன் படுக்கையறையிற் கொலையுண்டு கிடந்தாள். அவ்வீட்டுப் பணியாளர் ஹேம்ராஜைக் காணவில்லை. ‘அவனே கொன்றான், கொன்றுவிட்டு ஓடினான்’ என்று உடனே முடிவு கட்டினர். மறுநாள் அதே வீட்டின் மொட்டைமாடியில் ஹேம்ராஜின் உடல் கிடைத்தது. அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! ஒரு நாள் முழுதும் உலகம் கொலைகாரன் என்று தூற்றியது, தானும் கொலையுண்டு கிடந்த ஓர் ஏழையையே அன்றோ? அவர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலுமோ?

பின்னர் ஐயம் தந்தையின் மீது திரும்பியது. அடுத்து வேறு பணியாளர் மூவர் மீது பாய்ந்தது. மீண்டும் பெற்றோரிடமே வந்து நின்றது. 2010 இறுதியில் மத்தியப் புலனாய்வுத் துறை, போதிய சான்றில்லை என வழக்கை முடிக்க வேண்டியது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2013 நவம்பரில் பெற்றோர் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 அக்டோபர் 12ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம், குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவர்களை விடுவித்தது. கீழ்நீதிமன்ற நீதிபதி திரைப்பட இயக்குநரைப்போல் நிகழ்ச்சிகளைக் கற்பித்துக்கொண்டார் என்று உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் கடிந்துரைத்தார். மெய்யாகவே திரைப்படம் எடுத்தோரோ அத்தீர்ப்புவரை காத்திருக்கவுமில்லை. 2015இலேயே இந்தியில் இரு படங்கள் வெளிவந்துவிட்டன.

பிறர் குற்றத்தை உரைத்து நம் குற்றத்தை மறைத்தல் முறையன்று. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகட்கு முன், சித்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் ஒரு தாயும் அவள் மகனும் இரவிற் கொலையுண்டனர். அவள் கணவனின் தம்பி வெல்ல மண்டியிற் கூலி வேலை பார்த்தவர், நம்மோடு பழகியவர். கிணற்றுப் பங்கு குறித்து அக்குடும்பத்தில் முன்னரே சச்சரவு இருந்தது. போலீசார் அவரை விசாரித்து, சான்றின்மையால் விட்டுவிட்டனர். ஊரார் விடவில்லை. அவ்வூர் தமிழும் தெலுங்கும் வழங்கும் ஊராதலின், வதந்தியும் இரு மொழியிலும் ஓடிற்று. தேநீர்க் கடையில் ஒருவர் வினவியபோது, ‘வேறு யார் செய்திருப்பார்?’ என்று நாமும் சொன்னோம். மூன்றே சொற்கள்! அவர் மகளுக்கு நிச்சயித்த திருமணம் நின்றது. அவர் குடும்பத்தோடு ஊரைவிட்டு அகன்றார்.

பல்லாண்டுகள் கழித்துத் திருப்பதியில், கோவிந்தராஜர் கோயிலருகே பூ விற்றுக்கொண்டிருந்த அவரைக் கண்டோம். நலம் விசாரித்தபின் அவர் கேட்டது ஒன்றே: “அண்ணா, நீங்களும் நான்தான் என்று நினைத்தீர்களா?” பொய்யுரைக்க நா எழவில்லை. “ஆம், தம்பி” என்றோம். அவர் சினக்கவில்லை, தலை கவிழ்ந்து விட்ட இடத்திலிருந்து பூத்தொடுக்கத் தொடங்கினார்.

அவர் நிரபராதி என்று இப்பொழுது எழுத நம் மனம் விழைகிறது. அதுவும் அறியாததை அறிந்ததாகக் கூறுதலே ஆகும். கொன்றவர் யாரென்று இன்றும் தெரியாது. அன்று நாம் செய்த பிழை, குற்றமற்றவரைக் குற்றவாளி என்றது அன்று. அறியாத ஒன்றை அறிந்தவர்போல் மொழிந்ததேயாம்.

1984ஆம் ஆண்டு நம் உச்சநீதிமன்றம், புதுமணப்பெண் ஒருத்தியின் மரணம் பற்றிய சாரதா வழக்கில், கண்கண்ட சாட்சியில்லாவிடத்துக் கொள்ளவேண்டிய ஐந்து நெறிகளை வகுத்தது. அவற்றிற்கு அந்நீதிமன்றமே இட்ட பெயர் பஞ்சசீலம் என்பது அறியத்தக்கது. சந்தர்ப்பங்கள் யாவும் சங்கிலிபோல் அறாது தொடர வேண்டும். அவற்றுக்கு வேறெவ்வகை விளக்கமும் பொருந்தலாகாது. ‘செய்திருக்கலாம்’ என்பதற்கும் ‘செய்தே இருக்கவேண்டும்’ என்பதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு. தூக்குத் தண்டனை பெற்றிருந்த கணவர் இந்நெறிகளின்படி விடுதலையானார். பொய்யாமை என்னும் சீலத்தை நாள்தோறும் ஏற்பவர், நீதிமன்றம் காட்டும் இவ்வளவு எச்சரிக்கையையேனும் தம் நாவிற் காட்ட வேண்டாமோ?

நூற்பாலையில் வேலை பார்த்தோர் இதனை எளிதில் உணர்வர். அறுந்த இழையின் முனை கைக்கு எட்டாதபோது, பக்கத்துக் கதிரின் இழையை இழுத்து ஒட்டிவிட்டால் எந்திரம் ஓடும். மேஸ்திரியும் கடந்து போவார். ஆனால் இரண்டு கதிர்களின் நூலும் பாழாகும். பழிசுமத்தலும் அத்தகையதே. இறந்தவர்க்கு நீதி கிட்டுவதில்லை. உயிரோடிருப்பவர் வாழ்வும் கெடுகிறது.

‘இவ்வாறு யாவரும் வாய்மூடியிருந்தால் கொலைகாரர் தப்பிவிடாரோ?’ என்று சிலர் வினவலாம். நன்று. கண்டதை மறைத்தல் அறமென்று நாம் கூறவில்லை. கண்டவர் அஞ்சாது காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உரைத்தல் கடன். ஐயுறுதலும் ஆராய்தலும் விசாரிப்போர் கடன். நாம் விலக்குவது தேநீர்க் கடைத் தீர்ப்பை மட்டுமே. இன்று கைப்பேசியின் வாயிலாக அத்தீர்ப்பு நொடியில் ஊரெங்கும் பரவுகிறது.

ஆதலின் அன்பர்களே, ஒரு கொலையைப் பற்றி வாய்திறக்குமுன், ‘இது நாம் கண்டதா, கேட்டதா, கருதியதா?’ என்று நெஞ்சைக் கேளுங்கள். கண்டதாயின் உரியவரிடம் உரையுங்கள். கேட்டதாயின், கேட்டவிடத்தைச் சொல்லி அதனோடு நிறுத்துங்கள். கருதியதாயின் ‘அறியோம்’ என்று கூறுங்கள். அச்சொல்லைத் தேநீர்க் கடையில் அன்று நாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.