துயர் கேட்பதற்கும் அனுமதிப்பத்திரமா?

பிறர் துயரைச் செவிமடுத்து ஆறுதல் கூறுதல் மனித குலத்தின் மிகப் பழைய அறங்களுள் ஒன்றாகும். ஆடை நழுவுங்கால் தானாகவே விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அக்கையிடம் தகுதிப்பத்திரம் கேட்பார் உண்டோ? ஆயினும் ஐக்கிய அமெரிக்காவிலே சிகிச்சைசார் சமூகப்பணியாளராகவோ உளவளத்துணையாளராகவோ தனித்துத் தொழில்புரிய விரும்பும் ஒருவர், தம் மாநில அரசின் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றாகவேண்டும். கருணைக்கு அரசு முத்திரை இடுவது அறத்தின்பாற் பட்டதா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

முதற்கண் அவ்வனுமதிப்பத்திரத்தின் இயல்பை நோக்குவோம். சிகிச்சைசார் சமூகப்பணியாளர் ஒருவர் சமூகப்பணியில் முதுமாணிப் பட்டம் பெறல் வேண்டும். பின்னர் அனுபவம் மிக்க ஒருவரின் மேற்பார்வையிலே, பல மாநிலங்களில் ஏறத்தாழ 3,000 மணித்தியாலங்கள் பணியாற்றல் வேண்டும். அதன்மேற் பெரும்பாலும் ஒரு பரீட்சையிலும் தேறவேண்டும். இம்முறை ஒரே நாளில் உருவானதன்று. கலிபோர்ணியா மாநிலம் 1945 இல் சமூகப்பணியாளரைப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றியது. உளவளத்துணையாளருக்கு முதன்முதல் அனுமதி வழங்கியது 1976 இல் வேர்ஜீனியா. அவ்வரிசையில் இறுதியாக 2009 இல் வந்து சேர்ந்ததும் அதே கலிபோர்ணியாவேயாகும்.

இத்தகைய முறைக்கு எதிராகக் கூறப்படும் வாதம் வலியது. 1915 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்வியாளர், சமூகப்பணி ஒரு தொழில்தானா என வினவி, தனக்கேயுரிய வரையறுத்த நுட்பம் அதற்கில்லை என்றார். ஆயினும் தொழிலொன்றின் இன்றியமையா அடையாளம் தன்னலமற்ற உணர்வே என்று தம் உரையை முடித்தார். அவ்வுணர்வைப் பரீட்சைத்தாள் அளந்து காட்டுமா? 2022 இல் அப்பரீட்சையை நடத்தும் சபை வெளியிட்ட தரவுகள் இவ்வையத்தை வலுப்படுத்தின. 2018 முதல் 2021 வரை சிகிச்சைசார் பரீட்சைக்கு முதன்முறை தோற்றியோருள், வெள்ளையரில் ஏறத்தாழ 84 வீதத்தினர் தேற, கறுப்பினத்தவரில் 45 வீதத்தினரே தேறினர். ஒரே தரத்துப் பட்டம் பெற்றுவந்தோரிடையே இத்துணை வேறுபாடு தோன்றுமாயின், அவ்வாயில் எதனை அளக்கின்றது, யாரைத் தடுக்கின்றது என்ற வினாக்கள் எழுவது இயல்பே.

எனினும் இவ்வாதத்தோடு நாம் நின்றுவிட முடியாது. அனுமதிப்பத்திரம் கேட்பவரின் தகுதியை மட்டும் குறிப்பதன்று; சொல்பவருக்கு ஓர் உரிமையையும் அது வழங்குகின்றது. இதனைத் தெளிவாகக் காட்டுவது ஜாஃபி எதிர் ரெட்மண்ட் என்னும் வழக்காகும். 1991 இல் இலினோய் மாநிலத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், கடமையின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அதன்பின் அனுமதிபெற்ற சமூகப்பணியாளர் ஒருவரிடம் பன்முறை சென்று தம் உள்ளத்தைத் திறந்தார். இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தபோது, அவ்வுரையாடற் குறிப்புகளை ஒப்படைக்குமாறு நீதிபதி பணித்தும் அவை ஒப்படைக்கப்படவில்லை. வழக்கு மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தை அடைந்தது. மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கூறியவை காக்கப்படுவதுபோல், அனுமதிபெற்ற சமூகப்பணியாளரிடம் சிகிச்சையின்போது கூறியவையும் காக்கப்படவேண்டும் என அந்நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. பெருஞ்செலவு செய்து மனநல மருத்துவரை நாட இயலாத ஏழைகள் சமூகப்பணியாளரையே நாடுகின்றனர் என்பதும் அத்தீர்ப்பிற் கருதப்பட்டது.

இத்தீர்ப்போடு உடன்படாத நீதியரசர் ஸ்காலியா கூரியதொரு வினாவைத் தொடுத்தார். மனிதனின் மனநலத்திற்குப் பெரிதும் உதவுவது தாயின் அறிவுரையன்றோ? தாயிடம் கூறியதைச் சட்டம் காப்பதில்லையே. அந்நியரிடம் கூறியதை மட்டும் ஏன் காக்கவேண்டும்? அவர் இதனை எதிர்வாதமாகவே கூறினார். ஆனால் நம் வினாவுக்கான விடை இதனுள்ளேயே அடங்கியிருக்கின்றது எனலாம். தாயை மகனோடு பிணைப்பது உறவு. அவள் வாய் திறவாமைக்கு அவ்வுறவே பிணை. வள்ளுவர் கூறிய கையும் நம் உடலின் கையேயாகும். அந்நியர் ஒருவரின் கை நம் ஆடையைத் தொடுமாயின் நிலைமை வேறு. அவர் நம் இரகசியத்தை விற்றால், நம் பலவீனத்தைப் பயன்படுத்தினால், யாரிடம் முறையிடுவது? உறவு இல்லாத இடத்தில் உறவின் கடமையை நிறுத்தும் ஏற்பாடே அனுமதிப்பத்திரம். முறைப்பாட்டை ஏற்கவும், தவறியவரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் ஒரு சபை இருக்கின்றது என்பதே அதன் அறப்பெறுமானம்.

இவ்விவாதம் நம் நாட்டுக்கும் புறம்பானதன்று. 1952 இல் கொழும்பில் தொடங்கிய சமூகப்பணிக் கல்வி நிறுவனமே இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக விளங்குகின்றது. ஆயினும் 2004 இல் ஆழிப்பேரலை கரையோரங்களைச் சூறையாடியபோது, பட்டதாரிகள் வரும்வரை துயர் காத்திருக்கவில்லை. குறுகிய காலப் பயிற்சி பெற்ற பலர் முகாம்களிலே உளவளத்துணை புரிந்தனர். முதுமாணிப் பட்டமும் 3,000 மணித்தியாலங்களும் அன்று கட்டாயமாக இருந்திருப்பின், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் பலருக்குச் செவிகொடுக்க யாரும் இருந்திரார். மறுபுறம், அத்தாய் கூறியவை மறுநாள் முகாமெங்கும் பரவியிருப்பின், அவளுக்கு நேர்ந்த தீங்கும் சிறியதன்று.

எனவே, அனுமதிப்பத்திரத்தில் அடங்கிய இரு கூறுகளைப் பிரித்து நோக்குதல் அவசியமாகின்றது. ஒன்று கடமை: இரகசியம் பேணல், மேற்பார்வைக்கு உட்படல், முறைப்பாட்டிற்குப் பதிலளித்தல். மற்றையது தகைமை: பட்டமும் பரீட்சையும். கடமையை, ஒருவாரப் பயிற்சி பெற்ற தொண்டருக்கும் நாம் தளர்த்த இயலாது. தகைமையோ, ஏற்கும் பணியின் பாரத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும் அமையலாம். கடமையின்றித் தகைமையை மட்டும் வலியுறுத்தும் சட்டம் தொழிலாளர் குழுவொன்றின் வேலியாகிவிடும். கடமையை முன்னிறுத்தும் சட்டமே துயருற்றோரின் காப்பாகும். கருணைக்கு முத்திரை வேண்டியதில்லை. ஆனால் கருணையின் பெயரால் அந்நியர் வீட்டு வாயிலில் நிற்பவர், தாம் யாருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர் என்பதை அறிவித்தே உள்ளே நுழைதல் வேண்டும்.