அன்பால் பழக்கிய போர்க்குதிரை

வாயில்லாச் சீவனை அடித்து வேலை வாங்குகிறவனைக் கொடியவன் என்கிறோம். அதற்கு அன்பு காட்டி, அதன் நம்பிக்கையைப் பெற்று, பின் அதனை ஈட்டிமுனைக்கு நேரே செலுத்துகிறவனை என்னவென்று சொல்வது? வாசகர்களே, விடை கூறுமுன் ஒரு பழைய கிரேக்கரின் நூலைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

செனபோன் ஏதென்ஸ் நகரத்தவர், சோக்கிரட்டீசின் மாணாக்கர், போர்க்களம் பல கண்டவர். கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறு நூல் இன்றும் கிடைக்கின்றது. குதிரை வாங்கப் போகிறவன் முதலில் அதன் குளம்பைப் பார்க்க வேண்டும் என்கிறார். அத்திவாரம் பழுதான வீட்டினால் என்ன பயன்? கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அவருடைய தலையாய புத்திமதி. அது ஏதேனும் ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடிக்கக் கூடாது. அடித்தால், வலி அந்தப் பொருளினால்தான் வந்தது என்றெண்ணி இன்னும் மிரளும். நாமே அப்பொருளைத் தொட்டுக் காட்டி, மெல்ல மெல்ல அருகே நடத்திச் செல்ல வேண்டும். சவுக்கினால் ஆட்டுவிக்கப்படும் நடனக்காரனிடம் அழகு இராதாம், குதிரையிடமும் அப்படியே. பிரம்பை நம்பும் ஆசிரியர்கள் இந்நூலை ஒருமுறை வாசித்தால் நல்லது.

ஆயினும் ஓரிடம் என் மனதை உறுத்துகின்றது. குட்டியைப் பழக்கும் விதம் பற்றி அவர் கூறுவது இது: பசியும் தாகமும் ஈக்கடியும் தனிமையில் இருக்கும்போது வரவேண்டும், உணவும் நீரும் ஈத்தொல்லையிலிருந்து விடுதலையும் மனிதன் கையால் வரவேண்டும். அப்படிச் செய்தால் குட்டி மனிதனை நேசிப்பது மாத்திரமல்ல, அவனுக்காக ஏங்கவும் செய்யும். நேசம் இங்கே திட்டமிட்டு விளைவிக்கப்படுகின்றது. எதற்காக? நூலின் கடைசிப் பகுதி கவசங்களைப் பற்றியது. குதிரையின் நெற்றிக்கும் மார்புக்கும் தொடைக்கும் காப்பு வேண்டும், வயிற்றை முக்கியமாக மூடவேண்டும் என்கிறார். குதிரை வீழ்ந்தால் வீரன் பேராபத்தில் அகப்படுவான் என்பதே அவர் சொல்லும் காரணம்.

வெளிப்படையான கொடுமையைக் கண்டுகொள்வது எளிது. யோசுவா நூலில், பகைவரின் குதிரைகள் மீண்டும் போருக்கு உதவாதபடி பின்னங்கால் நரம்புகள் வெட்டப்பட்டதை வாசிக்கும்போது நம் உடம்பு கூசுகின்றது. செனபோனின் லாயத்தை நினைக்கையில் அப்படிக் கூசுவதில்லை. அதனால்தான் அவரைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கின்றது.

உழவு மாட்டையும் அன்பு காட்டித்தானே பழக்குகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாடு உழுத வயலின் வைக்கோல் மாட்டுக்கும் வருகின்றது. போரில் குதிரைக்கு என்ன பங்கு? அதற்குப் பகைவனும் இல்லை, தாய்நாடும் இல்லை; எல்லையை யார் வைத்திருந்தாலும் அங்கே முளைக்கும் புல் ஒன்றுதான்.

செனபோனின் பக்கம் நின்று ஒன்று சொல்லவேண்டும். அக்காலத்துக் கிரேக்கருக்கு அங்கவடியும் இல்லை, இன்றுள்ளது போன்ற சேணமும் இல்லை. வெறும் முதுகில், அல்லது ஒரு துணியின்மேல், தொடைகளின் பிடியை நம்பி இருந்தார்கள். குதிரைக்கு நேர்வது தனக்கும் நேரும் என்று தெரிந்தே ஒருவன் ஏறினான். தூரத்தில் இருந்துகொண்டு பிறரைச் சாவுக்கு அனுப்புகிறவனை விட இவன் எவ்வளவோ மேல்.

அப்படியானாலும் கணக்கு தீரவில்லை. கி.மு. 401இல் பாரசீக நாட்டின் நடுவே, குதிரைப்படை இன்றித் தவித்த கிரேக்க வீரருக்கு இதே செனபோன் தைரியம் கூறினார். பதினாயிரம் குதிரைவீரர் என்றால் பதினாயிரம் மனிதர்தான்; குதிரை கடித்தோ உதைத்தோ போரில் எவரும் மாண்டதில்லை; அங்கே நடப்பதையெல்லாம் செய்பவர்கள் மனிதர்களே என்பது அவர் பேச்சின் சாரம். (சில நாட்களுக்குள் பொதிக் குதிரைகளைத் திரட்டி ஐம்பது பேர் கொண்ட குதிரைப்படை ஒன்றை அவரே அமைத்தார் என்பது வேறு கதை.) வீரரைத் தேற்றச் சொன்ன அந்த வார்த்தை, யாரும் கேளாமலே, குதிரைக்குச் சாதகமான சாட்சியமாகவும் அமைந்துவிட்டது. செய்பவன் மனிதன் என்றால் பொறுப்பும் அவனுடையதே.

அடிபட்ட குதிரை வழி கிடைத்தால் ஓடிவிடும். நேசிக்கப்பட்டது ஓடாது, கூச்சலும் தூசியும் நிறைந்த இடத்திலும், முதுகில் இருப்பவனை நம்பி முன்னே செல்லும். ஆகவே நல்ல எசமானின் கடன், கெட்ட எசமானின் கடனை விடப் பெரிது என்றே எனக்குத் தோன்றுகின்றது. அவன் காட்டிய அன்பு பொய்யென்று நான் கூறவில்லை. நான் குதிரையாய்ப் பிறந்திருந்தால் செனபோனின் லாயத்தையே தேடியிருப்பேன். ஆனால் அன்பாய் நடத்தினேன் என்று சொல்லி, எங்கே கொண்டுபோனாய் என்ற கேள்வியிலிருந்து எவரும் தப்பிவிட முடியாது.

கி.மு. 362இல் மந்தினேயாவில் நடந்த போரில் செனபோனின் மகன் கிரில்லுஸ், ஏதென்ஸ் குதிரைப்படையில் நின்று பொருது மாண்டான். செய்தி வந்தபோது தகப்பன் தலையில் மாலை சூடிப் பலி செலுத்திக்கொண்டிருந்தாராம், மாலையைக் கழற்றினாராம், மகன் வீரமாய் மடிந்தான் என்று கேட்டபின் மீண்டும் சூடிக்கொண்டாராம். அவனைச் சுமந்து சென்ற குதிரையைப் பற்றி அந்தக் கதையில் ஒன்றுமில்லை.