வரையும் கையின் பொறுப்பு

ஆடை வடிவமைப்பில் முதுநிலைப் பட்டம் பயில வேண்டும் என்று மகனோ மகளோ வந்து கேட்டால், நம் இல்லங்களில் இருவகை மறுமொழிகள் எழுவதைக் காண்கிறோம். “தையல் வேலைக்கு முதுகலைப் பட்டமா?” என்பது ஒன்று. “ஆடம்பரத்துக்குத் துணைபோகும் படிப்பு நமக்கு எதற்கு?” என்பது மற்றொன்று. முன்னது கைத்தொழிலைத் தாழ்வாக எண்ணும் பழக்கத்தால் பிறப்பது. பின்னது பிள்ளைகள் நெறி தவறக்கூடாதே என்னும் அக்கறையால் பிறப்பது. இரண்டையும் ஒதுக்கிவிடாமல் அமைதியாக ஆராய்வது நம் கடமையாகும்.

முதற்கண், இப்படிப்பு நேற்று முளைத்த ஒன்றன்று. லண்டன் ராயல் கலைக் கல்லூரி 1948-ஆம் ஆண்டிலேயே ஆடைக்கலைக்கெனத் தனித்துறை தொடங்கிப் பேராசிரியரையும் அமர்த்தியது. நம் நாட்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961-இல் எழுந்தது. மத்திய அரசின் ஜவுளி அமைச்சகத்தின்கீழ்த் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் புதுடில்லியில் தோன்றிற்று. 1995-இல் சென்னைக்கும் அதன் கிளை வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தானே பட்டம் வழங்கும் தகுதியை அளித்தது. அதன் ஈராண்டு வடிவமைப்பு முதுநிலைப் படிப்பில் சேர, எத்துறையில் பட்டம் பெற்றவரும் நுழைவுத் தேர்வு எழுதலாம்.

தைக்கக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு அதற்கு மேலும் ஒரு கல்வி எதற்கு? இவ்வினாவுக்கு ஒருவருடைய வாழ்க்கையே விடையாக நிற்கிறது. லண்டனில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அலெக்சாண்டர் மெக்குவீன். 16 வயதில் பள்ளியை விட்டு, சாவில் ரோ என்னும் தையல் வீதியில் தொழில் பழகினார். கோட்டு வெட்டுவதிலும் தைப்பதிலும் தேர்ந்தார். இளநிலைப் பட்டம் ஏதுமில்லாத அவரை, அவருடைய கைத்திறனைக் கண்டு, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரி முதுநிலை வகுப்பில் சேர்த்துக்கொண்டது. 1992-இல் பயிற்சியை முடித்தார். 1996-இல் பாரிசின் ஜீவான்ஷி நிறுவனத்துக்குத் தலைமை வடிவமைப்பாளரானார்.

ஊசி பிடிக்க அவருக்கு எந்தக் கல்லூரியும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பிறர் கொடுத்த வடிவைத் தைத்துக் கொடுத்த கை, எதைத் தைப்பது, ஏன் தைப்பது, எத்துணியில் தைப்பது என்று தானே தீர்மானிக்கும் நிலைக்கு உயர்ந்தது. முதுநிலைக் கல்வி ஒருவருக்குத் தருவது இந்தத் தீர்மானிக்கும் உரிமையையே. நம் ஆராய்ச்சியின் உயிர்நிலையும் இங்கேதான் இருக்கிறது. தீர்மானிப்பவர் யாரோ, அதன் விளைவுக்கு விடை சொல்ல வேண்டியவரும் அவரேயன்றோ?

வரைபலகையின்முன் அமர்ந்திருப்பவர் செய்யும் முடிவுகள் சிறியவையாகத் தோன்றும். அவை எங்கே போய்ச் சேருகின்றன என்று சற்றுப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

ஒரு பருத்திச் சட்டைக்கு அடர்ந்த கறுப்பு வேண்டும் என்று எழுதுகிறார். சாயம் நூலில் ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் உப்பு இடுவார்கள். நிறம் அடர அடர உப்பும் மிகும். அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவு நீரோடு வெளியேறிவிடுகிறது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பயிர் விளைந்த நிலங்களைப் பாழ்படுத்திய கதையை நாடு அறியும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட நேர்ந்தது. உழவர் நிலம் இழந்தனர். பட்டறைத் தொழிலாளர் வேலை இழந்தனர்.

அடுத்து, அவர் ஒரு வளைந்த வெட்டை வரைகிறார். ஆடைத் தொழிலில் வெட்டுமேசையில் ஏறக்குறைய 15 விழுக்காடு துணி கழிவாக விழுகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உழவர் விளைத்து, நூற்போர் நூற்று, நெய்வோர் நெய்த துணி, உடுத்துவார் இன்றியே குப்பைக்குப் போகிறது. சேலையும் கைலியும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுக்கப்படுபவை. ஒரு துண்டும் வீணாவதில்லை. நம் முன்னோர் தந்த இந்த எளிய பாடத்தை உயர்கல்வி மாணவர் மீண்டும் ஓதவேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக, கடைசி வாரத்தில் ஒரு மாற்றம் செய்கிறார். பொத்தானை மாற்றுகிறார், கழுத்து வடிவத்தை மாற்றுகிறார். ஆனால் சரக்கு கப்பலேற வேண்டிய தேதி மாறுவதில்லை. அந்த இடைவெளியை யார் நிரப்புவது? எங்கோ ஒரு தொழிற்சாலையில், இரவு கழிந்தும் எழ இயலாத பெண்களின் மிகைநேர உழைப்பே நிரப்புகிறது.

அவசரம் உயிரையும் கேட்கும் என்பதை 2013 ஏப்ரல் 24-ஆம் நாள் உலகம் கண்டது. வங்கதேசத்தின் டாக்கா நகரையடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அங்கே தைக்கப்பட்டவை மேலைநாட்டுக் கடைகளுக்குரிய ஆடைகள். அவற்றை வரைந்தோரில் எத்தனை பேர் அக்கட்டடத்தைக் கண்ணால் கண்டிருப்பர்?

“வடிவமைப்பாளர் ஓர் ஊழியர். விலையையும் தேதியையும் முடிவு செய்வோர் முதலாளிகளும் கொள்வோரும். அவர்கள் குற்றத்தை இவர் தலையில் ஏற்றலாமா?” என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. ராணா பிளாசாவின் பழியை வரைந்தவர்மீது சுமத்துவது நம் கருத்தன்று. கட்டியவரும், காவல் காக்கத் தவறிய அதிகாரிகளும், மலிவு விலைக்கு நெருக்கியவரும் முதற்கண் விடை சொல்ல வேண்டியவர்கள். ஆயினும் பொறுப்பு என்பது ஒருவர் ஏற்றால் மற்றவர்க்குக் குறைந்துபோகும் சொத்தன்று. அவரவர் கையில் இருந்த தீர்மானத்தின் அளவுக்கு அவரவருக்கு உண்டு. முதலாளியை மாற்ற இயலாதவரும், அடர்நிறத்துக்குப் பதில் மென்னிறத்தை முன்மொழியலாம், வெட்டைத் திருத்தலாம், காலம் கடந்த மாற்றத்தை வேண்டாம் என்று சொல்லலாம்.

இங்கே கல்வியின் இடம் தெளிவாகிறது. அறியாதவர்க்கு ஓரளவு மன்னிப்பு உண்டு. உப்பும் சாயமும் எங்கே போகின்றன என்பதை ஈராண்டு அமர்ந்து கற்றவர், “நான் அறியேன்” என்று சொல்ல இயலாது. அறிவு ஓர் அமானிதம். அது எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்குக் கணக்கும் மிகும். பட்டத்தின் உயரத்தைப் பெருமையாக மட்டும் எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி ஆடம்பரம் பற்றிய அச்சத்துக்கு வருவோம். அவ்வச்சத்தில் உண்மையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். நேற்று வாங்கியதை இன்று பழையதாக்கி, இல்லாத தேவையை உண்டாக்குவதே ஆடை வணிகத்தின் பெரும்பகுதியாக இருக்கிறது. ஆனால் உண்மையான தேவைகளும் இத்துறைக்குக் காத்துக் கிடக்கின்றன. கடையில் விற்கும் ஆடை நம்மவர் உடலுக்குப் பொருந்தாமைக்குக் காரணம், அவற்றின் அளவுகள் பெரிதும் பிரிட்டன், அமெரிக்க அளவுப் பட்டியல்களைத் தழுவியிருந்தமையே. இந்தியர்க்கெனத் தனி அளவு காண, 25,000 பேரை அளக்கும் திட்டத்தைத் தேசிய ஆடைத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்டது. ஒரு கையால் பூட்டக்கூடிய சட்டை, சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரை உறுத்தாத ஆடை, விரல் நடுங்கும் முதியவர் பிறர் துணையின்றி உடுத்தும் உடை ஆகியன கண்டறிவது ஆடம்பரமா? மனிதரின் மானத்தைக் காக்கும் பணியன்றோ?

கைவினைஞர்க்குரிய மதிப்பும் இவ்வறத்தில் அடங்கும். 2025 ஜூனில் மிலான் நகர ஆடை அரங்கில் பிராடா நிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற காலணியை வெளியிட்டது. அதன் பிறப்பிடம் சொல்லப்படவில்லை. இந்தியாவில் கண்டனம் எழுந்த பின்னரே அந்நிறுவனம் மூலத்தை ஒப்புக்கொண்டது. பிறர் பாட்டன் முப்பாட்டன் காலந்தொட்டுக் காத்துவந்த வடிவை எடுப்பவர், அவர் பெயரைச் சொல்வதற்குக் கண்டனத்தை எதிர்பார்த்திருக்கலாகாது.

ஆகவே, இக்கல்வியைக் கேட்டு வரும் பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. ஏளனமும் செய்ய வேண்டியதில்லை. “யாருக்காக வரையப் போகிறாய்? யார் தைக்கப் போகிறார்கள்? மிஞ்சுவது எங்கே போகும்?” என்று அன்போடு கேட்கட்டும். விடை உடனே வராவிட்டாலும் தாழ்வில்லை. அவ்வினாக்களை நெஞ்சில் சுமந்துகொண்டு வகுப்பறைக்குள் நுழையும் மாணவர், அரங்கின் விளக்கொளியைக் காணுமுன் ஒருமுறை சாயப்பட்டறையின் வாயிலையும் தையற்கூடத்தின் இரவுப் பணியையும் சென்று பார்த்து வருவார். அவர் கையில் அந்தப் பட்டம் தகுதியான இடத்தில் இருக்கும்.