புரியாத இயந்திரத்தின் முன் நிமிர்ந்து உட்கார்!

தம்பி, தங்கச்சி! உன் மேசையில் ஒரு போர்டு கிடக்கிறது. அதில் உள்ள சிப்புக்கு யூடியூபில் பாடம் கிடையாது. உனக்குத் தெரிந்த கம்பைலர் அதற்கு ஒரு வரிகூட எழுதித் தராது. லினக்ஸ் அதில் ஏறுமா என்று சீனியரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். "அதெல்லாம் பெரிய பெரிய ஆய்வகத்தில் இருக்கிறவன் செய்யற வேலை. நமக்கு எதுக்கு?" என்கிறார். நீயும் அந்தப் போர்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடப் போகிறாய்.

மூடாதே! அந்த சீனியருக்கான பதிலை 1977-லேயே ஓர் ஊர் கொடுத்துவிட்டது.

வொல்லாங்காங். ஆஸ்திரேலியாவில், சிட்னிக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் உள்ள எஃகு ஆலை, நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே இருந்த கல்லூரி 1975-ல்தான் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் கணினித் துறை ஓர் இன்டர்டேட்டா 7/32 இயந்திரத்தை வைத்திருந்தது. அந்தக் காலத்தில் யூனிக்ஸ் என்றால் டெக் நிறுவனத்தின் பிடிபி இயந்திரங்கள்தான். அந்தக் குடும்பத்துக்கு வெளியே ஓர் அந்நிய இயந்திரத்தில் யூனிக்ஸ் ஓடியதாக உலகத்தில் எங்கும் வரலாறு இல்லை. இன்டர்டேட்டாவுக்கும் பிடிபி-11க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த இடத்தில் உட்கார்ந்தவர் ரிச்சர்ட் மில்லர். கூட ராஸ் நீலன். வழிகாட்டி, பேராசிரியர் யூரிஸ் ரெய்ன்ஃபெல்ட்ஸ். யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை 1977-ல் அந்த இயந்திரத்தில் ஓட வைத்தார்கள். அதே காலத்தில், யூனிக்ஸ் பிறந்த வீடான பெல் ஆய்வகத்திலேயே டென்னிஸ் ரிச்சியும் ஸ்டீவ் ஜான்சனும் 7/32-ன் அண்ணன் இயந்திரமான இன்டர்டேட்டா 8/32-ல் அதே முயற்சியில் இறங்கியிருந்தார்கள். இரண்டு அணியும் தனித்தனியாக வேலை செய்தன. யூனிக்ஸைப் படைத்தவர்களும், இரண்டு வயதுப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்களும் ஒரே கோட்டில் நின்று ஓடினார்கள். பின்தங்கவில்லை வொல்லாங்காங்! பிடிபி குடும்பத்துக்கு வெளியே நடந்த முதல் யூனிக்ஸ் போர்ட் என்று வரலாறு இன்று அந்த ஊரின் பெயரைத்தான் சொல்கிறது. 1980-ல் அது அமெரிக்காவுக்கே உரிமம் பெற்ற சரக்காகப் போனது.

இதைக் கேட்டுவிட்டுக் கைதட்டினால் போதாது. மில்லர் எப்படிச் செய்தார் என்று பார். அங்கேதான் உனக்கான ஆயுதம் இருக்கிறது.

முதலில் தடை என்ன என்று தெரிந்துகொள். பிடிபி-11 ஒரு 16 பிட் இயந்திரம். இன்டர்டேட்டா 32 பிட். ஒன்றில் 16 பிட்டாக இருந்த முழு எண் இன்னொன்றில் 32 பிட். "முகவரி இரண்டு பைட்தானே" என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் புது இயந்திரத்தில் பொய்யாகும். அதைவிடப் பெரிய தொல்லை பைட் வரிசை. பிடிபி-11 ஓர் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும். இன்டர்டேட்டா பெரிய பகுதியை முதலில் வைக்கும். ஒரு இயந்திரம் 1 என்று எழுதி வைத்ததை மற்றொன்று படித்தால் 256 என்று வரும். எழுத்துகளை இரண்டிரண்டாகத் தூக்கி வைத்தால் யு, என், ஐ, எக்ஸ் என்பது என், யு, எக்ஸ், ஐ என்று புரண்டுவிடும். இந்தத் துறையில் இருப்பவர்கள் இதற்கு 'நக்ஸி பிரச்சினை' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். இதோடு ரிஜிஸ்டர்களின் எண்ணிக்கை வேறு, குறுக்கீடுகள் வரும் விதம் வேறு, டிஸ்கோடு பேசும் முறை வேறு. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றி, ஒரே பொத்தானை அழுத்தி, எல்லாம் ஓடும் என்று எதிர்பார்த்தால் திரை கறுப்பாக நிற்கும். எங்கே தப்பு என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

மில்லர் அந்தப் பொறியில் விழவில்லை. யூனிக்ஸ் 1973-லேயே சி மொழியில் திருப்பி எழுதப்பட்டிருந்தது. ஆகவே முதலில் கம்பைலரைப் பிடித்தார். சி மொழியை வாசித்துப் புரிந்துகொள்ளும் பாதியை அப்படியே விட்டுவிட்டு, கட்டளைகளை வெளியிடும் பாதியை இன்டர்டேட்டாவுக்காக மாற்றி அமைத்தார். அடுத்து, யூனிக்ஸை வெற்று இயந்திரத்தின் மேல் நேராக ஏற்றவில்லை. இன்டர்டேட்டா நிறுவனமே கொடுத்த இயங்குதளத்துக்கு மேல், ஒரு சாதாரண நிரலைப் போல அதை உட்கார வைத்தார். டிஸ்க், டெர்மினல் எல்லாவற்றையும் ஆரம்பத்தில் அந்தப் பழைய இயங்குதளமே பார்த்துக்கொண்டது. யூனிக்ஸ் உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கீழே இருந்த பழையதை ஒவ்வொன்றாக உருவிவிட்டுச் சொந்த டிரைவர்களை வைத்தார். கடைசியில் பழைய இயங்குதளம் போயிற்று, யூனிக்ஸ் தன் காலில் நின்றது.

தன்னம்பிக்கை என்றால் கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று கத்துவது என்று உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கத்திப் பெற்ற தைரியம் முதல் கிராஷில் ஓடிவிடும். சோதித்து உறுதி செய்த ஒரு படி, அதன் மேல் சோதித்து உறுதி செய்த இன்னொரு படி, இப்படிக் கட்டிய தைரியத்தை எந்தக் கிராஷும் அசைக்காது. மில்லரிடம் இருந்தது அந்தத் தைரியம்.

இப்படிச் சோதித்துக் கட்டுவதற்கு ஜிசிசி கம்பைலரைப் பார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்டது. அதைக் கட்டும்போது மூன்று கட்டம் உண்டு. கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கம்பைலரால் முதலில் கட்டு. அப்படிப் பிறந்த கம்பைலர் தன் சொந்த மூலநிரலை எடுத்துத் தன்னையே மறுபடி கட்டும். அந்த இரண்டாவது கம்பைலர் மூன்றாவது முறையும் தன்னைக் கட்டும். பிறகு இரண்டாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். வேறுபாடு தென்பட்டால், எங்கோ கோளாறு. பொருந்தினால் மட்டும் நம்பலாம். உலகத்தில் எத்தனையோ மென்பொருளைச் சுமக்கும் கருவிகூடத் தன்னைத் தானே சோதித்துப் பார்த்துத்தான் தன்மேல் நம்பிக்கை வைக்கிறது. நீ மட்டும் சோதிக்காமலே "எனக்கு வராது" என்று தீர்ப்பு எழுதுகிறாயே, அது எந்த ஊர் நியாயம்?

கம்பைலர் என்கிற பொருளே அவநம்பிக்கைக்கு எதிராகப் பிறந்ததுதான். 1952-ல் கிரேஸ் ஹாப்பர் ஏ-0 என்பதைச் செய்து காட்டியபோது, கணினி கணக்குத்தான் போடும், நிரலை எழுதாது என்று சொன்னார்கள். ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் கம்பைலரில் இறங்கியபோது, கையால் எழுதும் நிரலின் வேகத்தை ஓர் இயந்திரம் எட்டவே முடியாது என்று கைதேர்ந்தவர்களே சந்தேகப்பட்டார்கள். 1957-ல் ஐபிஎம் 704-ல் அது வந்து இறங்கியது. பேச்சு அடங்கியது.

"அது அந்தக் காலம், இப்போது சிப்பெல்லாம் பூட்டி வைத்த பெட்டி" என்கிறாயா? வா, பேசலாம்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 கணினிகளை வெளியிட்டது. அதிலுள்ள கிராஃபிக்ஸ் பகுதிக்கு வெளியாட்கள் படிக்க ஒரு பக்கம் கையேடுகூட இல்லை. எந்தக் கட்டளைக்கு எந்த எண் என்று யாரும் சொல்லவில்லை. அலிஸா ரோசென்ஸ்வைக் என்ற கல்லூரி மாணவி அதைத் திறக்க உட்கார்ந்தார். அவர் வழி மிக எளிமையானது, மிகக் கடினமானது. மிகச் சிறிய ஒரு நிரலை ஆப்பிளின் கம்பைலரிடம் கொடுப்பார்; வெளியே வரும் பைட்களைப் பார்ப்பார். நிரலில் ஓர் இடத்தை மட்டும் மாற்றுவார். எந்த பிட் மாறியது என்று பார்ப்பார். கூட்டலைப் பெருக்கலாக்கினால் எது மாறுகிறது? ரிஜிஸ்டரை மாற்றினால் எது மாறுகிறது? இப்படித் தடவித் தடவி கட்டளைத் தொகுதியை மீட்டெடுத்து, அதற்கு ஒரு கம்பைலரும் எழுதினார். 2021 ஜனவரியில் திரையில் வந்தது ஒரே ஒரு முக்கோணம். 2023 ஆகஸ்டில் அவரும், ஆப்பிள் கணினிகளில் லினக்ஸை ஏற்றும் அசாஹி லினக்ஸ் திட்டத் தோழர்களும் எழுதிய டிரைவர், குரோனாஸ் அமைப்பின் ஓப்பன்ஜிஎல் இஎஸ் 3.1 கிராஃபிக்ஸ் தரச் சோதனைகளைத் தாண்டி அதிகாரப்பூர்வச் சான்று பெற்றது. நடுவில் என்ன நடந்தது தெரியுமா? படம் கொஞ்சம் சிக்கலானால் பாதியில் அறுந்து நிற்கும் ஒரு கோளாறு. நினைவகம் நிறைந்ததும் சிப் பாதி ஓவியத்தை இறக்கி வைத்துவிட்டுப் பிறகு திரும்ப எடுத்துத் தொடர்கிறது. அந்த இறக்குதலுக்கும் ஏற்றலுக்கும் தனி நிரல்கள் தரவேண்டும் என்று கண்டுபிடித்த பிறகுதான் அது தீர்ந்தது. யாரும் சொல்லித் தராததை இயந்திரத்திடமே கேட்டு வாங்கினார் அந்தப் பெண்!

சென்னையைப் பார். ஐஐடி மெட்ராஸில் காமகோடி தலைமையில் சக்தி என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலான செயலிகள் பிறந்தன. 2018-ல் சிலிக்கானாக வந்து, லினக்ஸை பூட் செய்தன. ரிஸ்க்-ஃபைவ் யாரிடமும் உரிமம் கேட்காமல் எவரும் சிப் செய்யலாம் என்ற திறந்த கட்டளைத் தொகுதி. 2010-ல் பெர்க்லியில் தொடங்கியது. எவரும் சிப் செய்யலாம் என்றால், எவரும் தன் தேவைக்குப் புதுக் கட்டளைகளைச் சேர்க்கலாம் என்றும் அர்த்தம். ஒவ்வொரு புதுக் கட்டளைக்கும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த கம்பைலர் வேண்டும், அசெம்ப்ளர் வேண்டும், கர்னலில் நாலு வரி வேண்டும். சிப் செய்துவிட்டு மென்பொருளுக்குக் கையேந்தும் நாடாக நாம் இருக்கக் கூடாது. அந்த நாலு வரியை எழுதப்போகும் கை உன்னுடையதாக ஏன் இருக்கக் கூடாது?

சாக்குகள் எனக்குத் தெரியும். போர்டு வாங்கப் பணம் இல்லை என்பாய். வாங்காதே! கியூஎமு இருக்கிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இலவச மென்பொருள் அது. உன் பழைய லேப்டாப்புக்குள் ரிஸ்க்-ஃபைவ், ஆர்ம், பவர்பிசி என்று பல இயந்திரங்களை நடித்துக் காட்டும். ஆங்கிலக் கையேடு பயமுறுத்துகிறது என்பாய். ஒரு செயலியின் கையேட்டில் வரும் ஆங்கிலம் இலக்கியம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள், மீதி அட்டவணை. இரண்டு வாரம் தினம் பத்துப் பக்கம் படித்தால் பயம் விலகும். சொல்லித்தர ஆள் இல்லை என்பாய். சிட்னியில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு வரிவரியாக விளக்கம் எழுதித் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். உரிமத் தடை வந்ததால் அது 1996 வரை புத்தகமாக வெளிவரவே இல்லை. அதனால் என்ன? உலகமெங்கும் மாணவர்கள் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, எழுத்து மங்கிய தாளை வைத்துக் கர்னல் கற்றார்கள். உன் கையில் இருக்கும் போனில் முழு லினக்ஸ் மூலநிரலையே திறந்து பார்க்கலாம். உன் நிலைமை அவர்களைவிட எவ்வளவோ மேல்.

வயதாகிவிட்டது என்று சொல்லும் நாற்பது வயதுக்காரருக்கும் ஒரு செய்தி. அதே ரிச்சர்ட் மில்லர், அந்த வொல்லாங்காங் வேலைக்கு ஏறக்குறைய 35 ஆண்டு கழித்து, ராஸ்பெரி பையில் பிளான் 9 இயங்குதளத்தை ஏற்றினார். முதல் இயந்திரம் ஓர் அலமாரி அளவு இருந்தது. அடுத்தது உள்ளங்கையில் அடங்கியது. கை அதே கை.

இன்றிரவே தொடங்கு. நாளைக்கு என்று தள்ளாதே. ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் அடிப்படைத் தொகுதியில் இருப்பது 40 கட்டளைகள்தான். கியூஎமுவில் 'விர்ட்' என்ற இயந்திரத்தைத் தேர்ந்தெடு. இயங்குதளம் வேண்டாம், நூலகம் வேண்டாம். அதன் நினைவகம் ஹெக்ஸாடெசிமல் எண்ணில் 8-க்குப் பின் ஏழு பூஜ்யம் என்ற முகவரியில் தொடங்குகிறது. உன் நிரலை அங்கே வை. அதன் சீரியல் போர்ட், அதே எண் முறையில், 1-க்குப் பின் ஏழு பூஜ்யம் என்ற முகவரியில் இருக்கிறது. நான்கே கட்டளை எழுது: அந்த முகவரியை ஒரு ரிஜிஸ்டரில் ஏற்று, 65 என்ற எண்ணை இன்னொன்றில் ஏற்று, அந்த பைட்டை அந்த முகவரியில் எழுது, பிறகு அதே இடத்தில் சுற்றிக்கொண்டு நில். கிராஸ் அசெம்ப்ளரில் கொடு. ஓட்டு. திரையில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து வந்து நிற்கும். உன் நிரலுக்கும் கியூஎமு நடித்துக் காட்டும் அந்தச் செயலிக்கும் நடுவில் அப்போது எந்த இயங்குதளமும் இல்லை.

வரவில்லையா? முகவரியைச் சரிபார். லிங்கர் உன் நிரலை எங்கே வைத்தது என்று பார். டிபக்கரைக் கோத்து ஒவ்வொரு கட்டளையாக நகர்த்து, ரிஜிஸ்டர்களை வாசி. வரும்வரை எழுந்திருக்காதே!

வந்துவிட்டதா? அப்படியானால் அங்கே நிற்காதே. அடுத்து 'த' வரவேண்டும். யுடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட்: 224, 174, 164. வரிசை மாறாமல் மூன்றையும் அனுப்பு. அதன் பிறகு கூட்டல் கணக்கு ஒன்றை வாசித்து இந்த 40 கட்டளைகளில் எழுதித் தரும் ஒரு குட்டிக் கம்பைலரை எழுதத் தொடங்கு.