பிள்ளை கையில் செல்போன்: வயதா, பக்குவமா?

பிள்ளைச் செல்வம் அல்லாஹுத்தஆலா நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர்கள் என்றும், நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை கேட்கப்படுவோம் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே, பிள்ளைக்குச் செல்போனை எப்போது கொடுத்தோம், எதைப் பார்த்துக் கொடுத்தோம் என்பதற்கும் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

நம் சேலம், நாமக்கல் பகுதிகளில் இது லேசான விஷயமல்ல. நாமக்கல் லாரியில் போனவர் வடநாடு சுற்றித் திரும்பப் பல நாட்கள் ஆகும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போர்வெல் வேலைக்குப் போனவர் மாதக்கணக்கில் வெளியூரிலேயே இருப்பார். அத்தாவின் குரல் வீட்டுக்கு வருவது செல்போனில்தான். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமும் அதே செல்போனில் வந்தது. பள்ளிகள் திறந்த பிறகும் பல வீடுகளில் அது பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. யோசித்துக் கொடுத்தவர் யாருமில்லை, அப்படியே நிலைத்துவிட்டது.

"எத்தனை வயதில் கொடுக்கலாம்?" என்று இப்போது தாய்மார்கள் கேட்கிறார்கள். உலகத்தாரின் விடை ஒன்றாக இல்லை. ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் சமூக வலைத்தளக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 18 வயதுக்கு உட்பட்டவரைக் குழந்தை என்றே கணக்கிடுகிறது. சட்டத்திற்கு ஒரு வயதெல்லை வேண்டும். நம் மார்க்கம் வயதோடு நின்றுவிடாமல் இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறது.

திருமறையின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் ஆறாம் வசனத்தைச் சிந்தியுங்கள். அநாதைப் பிள்ளைகளின் சொத்தை அவர்களிடம் எப்போது ஒப்படைப்பது என்பதை அது கற்றுத் தருகிறது. திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும். அவர்களிடம் "ருஷ்து" எனும் பக்குவத்தைக் கண்டால் சொத்தை ஒப்படைத்துவிட வேண்டும். இங்கே மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, சோதிப்பது பொறுப்பாளரின் கடமை. இரண்டாவது, வயது வந்தது மட்டும் போதாது, பக்குவமும் தெரிய வேண்டும். மூன்றாவது, பக்குவம் தெரிந்த பிறகு கொடுக்காமல் வைத்திருப்பதும் தவறு.

எப்படிச் சோதிப்பது? விபரமறிந்த சிறுவனிடம் சிறு தொகையைக் கொடுத்து, கொள்முதல் செய்யவும் விற்கவும் விட்டுப் பார்க்கலாம் என்பது நம் ஹனஃபி மத்ஹபின் வழி. முழுச் சொத்தையும் கொட்டிவிட்டுப் பிறகு வருந்தச் சொல்லவில்லை. கொஞ்சம் கொடு, பார், பிறகு கூட்டு என்பதே அதன் சாரம்.

பெருமானார் (ஸல்) அவர்களின் நடைமுறையும் இதுவே. உஹதுப் போருக்கு வந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அப்போது வயது 14. பெருமானார் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 15 வயதில் அகழ்ப் போருக்கு வந்தபோது அனுமதித்தார்கள். அதே உஹதில் திருப்பி அனுப்பப்பட்ட ராஃபிஉ (ரலி) நல்ல வில்லாளி என்று தெரிந்ததும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஸமுரா (ரலி) மல்யுத்தத்தில் ராஃபிஉவையே வீழ்த்தக் கூடியவர் என்று சொல்லப்பட்டதும் அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வயதும் பார்க்கப்பட்டது, தகுதியும் பார்க்கப்பட்டது.

இது நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாத சங்கதியா? 18 வயதில் கார் ஓட்ட உரிமம் உண்டு; லாரி ஓட்ட 20 ஆக வேண்டும் என்பது சட்டம். 20 ஆகிவிட்டது என்பதற்காக எந்த லாரி உரிமையாளர் நேற்று வந்த கிளீனரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பார்? டயரைத் தட்டிப் பார்க்கிறானா, டீசல் கணக்கில் நாணயமாக இருக்கிறானா, இரவில் கண் விழிக்கிறானா என்று பார்த்துத்தானே கொடுக்கிறார்! லாரிக்குக் காட்டும் இந்தக் கவனத்தைப் பெற்ற பிள்ளைக்குக் காட்ட வேண்டாமா?

ஆகவே நாம் பார்க்க வேண்டியவை இவை. பாங்கு சொன்னதும் கையில் உள்ள விளையாட்டை விட்டு எழுகிறானா? கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாகத் தருகிறானா? தவறு செய்தால் ஒப்புக்கொள்கிறானா, மறைக்கிறானா? பிறர் குறையைக் கேட்டால் பரப்புகிறானா, மூடுகிறானா? செல்போனில் தாயின் வங்கிக் கணக்கும் இருக்கிறது. அக்காள் தங்கையின் படமும் இருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆனாலும் சில்லறையில் நாணயமற்ற கை, செல்போனில் மட்டும் நாணயமாக இருக்குமா?

முதலில் பேசுவதற்கு மட்டுமான பட்டன் போன் போதும். அடுத்து, வீட்டுக்குப் பொதுவான செல்போனைக் கூடத்தில் வைத்து, குறித்த நேரம் பயன்படுத்தட்டும். அதில் தேறினால் மேலும் கொடுக்கலாம். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளில் சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது அந்நூர் அத்தியாயம். நேரத்துக்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளைப் பருவத்திலேயே பழக்குவது திருமறையின் முறை என்று இதிலிருந்து விளங்குகிறது. பத்து வயதில் படுக்கையைப் பிரிக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அந்தப் படுக்கைக்குள் செல்போனை அனுமதிப்பது எப்படித் தகும்?

பார்வையிடுவதிலும் நேர்மை வேண்டும். துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்துள்ளான். "இந்தப் போனை அம்மாவும் அத்தாவும் பார்ப்போம்" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். முன்பே சொல்லிப் பார்ப்பது பராமரிப்பு. தூங்கும்போது எடுத்துப் பார்ப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்.

மகனுக்குக் கேள்வியின்றிக் கொடுத்து, பக்குவமுள்ள மகளுக்கு மறுப்பதும் நீதியல்ல. வசனம் கேட்பது பக்குவத்தை. ஆணா பெண்ணா என்று அல்ல. கல்லூரிக்குப் பஸ் ஏறும் மகளுக்கு அது பாதுகாப்பாகவும் இருக்கலாம்.

சகோதரர்களே! சோறு உண்ணும்போதும் செல்போனைப் பார்க்கும் தகப்பன் சொல்லும் புத்தி பிள்ளையின் காதில் ஏறாது. வெளியூரிலிருந்து அழைக்கும்போது மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், இன்று யாருடன் பேசினாய், என்ன பார்த்தாய் என்றும் அன்போடு கேளுங்கள். செவி, பார்வை, உள்ளம் மூன்றும் விசாரிக்கப்படும் என்ற இறை எச்சரிக்கை பிள்ளைக்கு முன்னால் நமக்குரியது.

நம் பிள்ளைகளைச் சோதித்தறியும் பொறுமையையும், தகுதி கண்டபோது நம்பி ஒப்படைக்கும் மனத்தையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.