யோய்தாவின் பெட்டியும் நம் கையிலுள்ள போனும்

இந்த மாதச் செய்திக்கு ஆதாரமாக 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரம் 4 முதல் 15 வரையுள்ள வசனங்களை உங்கள் வேதத்தைத் திறந்து ஜெபத்தோடு வாசியுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

ராஜாவாகிய யோவாஸ் ஆலயத்தைப் பழுதுபார்க்க விரும்பினான். ஜனங்கள் கொடுக்கும் பணத்தை ஆசாரியர்களே அவரவருக்கு அறிமுகமானவர்களிடம் வாங்கி, அதைக்கொண்டு வேலையைச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டான். ஜனங்களும் கொடுத்தார்கள். ஆனால் யோவாஸ் அரசாண்ட 23-ம் வருஷம் வந்தும் ஆலயத்தின் விரிசல்கள் அப்படியே இருந்தன! ஆசாரியர்கள் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. பணம் அவர்கள் கைக்கு வந்தது, வேலை நடக்கவில்லை, அவ்வளவுதான் சொல்லுகிறது. அப்பொழுது யோய்தா என்ன செய்தான்? ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, மூடியிலே ஒரு துவாரம் போட்டு, பலிபீடத்தின் பக்கத்தில் வைத்தான். பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதி ஒரு பக்கம், பிரதான ஆசாரியன் ஒரு பக்கம், இருவருமாக எண்ணினார்கள். வேலை நடந்தது. அல்லேலூயா!

பிரியமானவர்களே, அந்தக் காலத்தில் அந்தப் பெட்டி ஒரு புது முறை. "எங்க அப்பா காலத்துல இப்படியெல்லாம் இல்லையே" என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள். நம்முடைய சபையிலும் வாசலுக்குப் பக்கத்தில் கியூஆர் கோடு அட்டை மாட்டினபோது அதே முணுமுணுப்பு எழும்பிற்று. ஒரு மூத்த சகோதரர், "ஐயா, இது வெளிப்படுத்தல் 13-ல் சொன்ன முத்திரை இல்லையா?" என்று பயத்தோடே கேட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், கர்த்தருக்குப் பயப்படுகிறவர். அவருக்கு நான் சொன்னது இதுதான்: "ஐயா, அந்த முத்திரை மிருகத்தை வணங்குகிறவர்களுக்கு உரியது. நாம போன்ல காணிக்கை அனுப்புறது வணக்கம் இல்ல, பணம் போற பாதை மாறுது, அவ்வளவுதான். தூரத்துல இருக்கிறவன் தசமபாகத்தைச் சுமக்க முடியாட்டா அதை வித்துப் பணமாக்கி, கையில முடிஞ்சு கொண்டு வரலாம்னு உபாகமம் 14-ல் கர்த்தரே வழி சொன்னாரே. ஆட்டுக்கும் தானியத்துக்கும் பதிலா வெள்ளி வந்தது. வெள்ளிக்குப் பதிலா நோட்டு வந்தது. இப்போ போன் வந்திருக்கு."

யூபிஐ என்கிற இந்த முறை நம் தேசத்தில் 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆரம்பமானது. அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி இரவு பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த ஞாயிறு நம் காணிக்கைப் பையில் விழுந்தவை பெரும்பாலும் அந்த நோட்டுகளே. அப்பொழுதும் நாம் போனைத் தொடவில்லை. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்து ஆலயக் கதவு பூட்டப்பட்ட பிறகுதான் தொட்டோம்.

இங்கேதான் நான் என் பாவத்தை அறிக்கையிட வேண்டும். அன்றைக்கு அவசரத்தில் என் சொந்த நம்பரையே சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இதுக்கு அனுப்புங்க, கர்த்தர் ஆசீர்வதிப்பார்" என்றேன். அனுப்பினீர்கள். என் வீட்டுப் பால் காசும், பிள்ளையின் ஃபீஸும், உங்கள் தசமபாகமும் ஒரே கணக்கில் கலந்தன. ஒரு ரூபாயும் எடுக்க வேண்டும் என்று நான் நினைத்ததில்லை, கர்த்தர் அறிவார். யோவாஸ் காலத்து ஆசாரியர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்!

ஊரடங்கு முடிந்து கூடிவந்தபோது, செல்போன் கடையில் வேலை செய்யும் ஒரு வாலிபத் தம்பி என்னிடம் தனியாக வந்து, "பாஸ்டர், காசு அனுப்பும்போது சபைப் பேர் வரலையே, உங்க பேருதானே வருது?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்குக் கோபம் வந்தது. "ஊழியக்காரனையே சந்தேகப்படுறியா?" என்று அதட்டி அனுப்பிவிட்டேன். அவன் இரண்டு வாரம் ஆராதனைக்கு வரவில்லை.

அந்த நாட்களில் 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரத்தை வாசித்தேன். எருசலேமின் ஏழைகளுக்குச் சேர்த்த பணத்தைப் பவுல் தனியாகக் கொண்டுபோகவில்லை. தீத்துவையும், சபைகள் தெரிந்தெடுத்த சகோதரரையும் சேர்த்துக்கொண்டான். தேவனுக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் ஒழுங்காய் இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டான் (வச. 19-21). மூன்றாம் வானம் வரை எடுக்கப்பட்ட அப்போஸ்தலனுக்கே சாட்சிகள் வேண்டியிருந்ததானால், டிப்ளமோ படித்த நான் யார்? முழங்காலில் விழுந்தேன். மூன்று இரவு பேங்க் ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். 11,400 ரூபாய்க்குக் கணக்கு வரவில்லை. என் மனைவி ஒரு வார்த்தை பேசாமல், தான் சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை என் முன் வைத்தாள். அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மறு ஞாயிறு உங்கள் முன் நின்று அழுதது உங்களுக்கு ஞாபகமிருக்கும்.

இன்றைக்கு டிரஸ்ட் பேரில் தனிக் கணக்கு இருக்கிறது. இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகாது. ஒவ்வொரு மாதமும் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. அதுவே நம்முடைய துவாரம் போட்ட பெட்டி.

ஆனால் இன்னொரு தவறும் செய்தேன். அட்டை மாட்டின முதல் ஞாயிறு, இனி பை எதற்கு என்று காணிக்கைப் பையைச் சுற்றவிடவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாயார் மாத்திரம் உட்கார்ந்திருந்தார்கள். சேலை முந்தானையில் முடிச்சு. "ஐயா, எங்கிட்ட அந்த போன் இல்லையே. இனி நான் ஆண்டவருக்குக் குடுக்க முடியாதா?" என்றார்கள். என் நெஞ்சு உடைந்தது. காணிக்கைப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு காசு போட்ட விதவையைக் கவனித்த இயேசு (மாற்கு 12), அன்று நம் ஆலயத்தில் உட்கார்ந்திருந்தால் எதைக் கவனித்திருப்பார்? ஒரு விதவை போடுவதற்குப் பெட்டியே இல்லாததை அல்லவா! அடுத்த ஞாயிறே பை திரும்ப வந்தது. நான் இருக்கும் வரை அது நிற்காது.

ஆகையால் தேவ பிள்ளைகளே, சில காரியங்களைத் தாழ்மையாய் வேண்டிக்கொள்ளுகிறேன்.

போனில் கொடுக்கிறவர்கள் பிரசங்க நேரத்தில் போனை நோண்டாதீர்கள். சம்பளம் வந்த நாளில், வீட்டில் குடும்பமாய் ஜெபித்து, முதலாவது கர்த்தருக்கென்று பிரித்து அனுப்புங்கள் (1 கொரி. 16:2). விரல் தொட்டால் போய்விடுகிறது என்பதால் இருதயம் தொடாமல் போகக்கூடாது. தனக்குச் செலவில்லாததைப் பலியிட தாவீது சம்மதிக்கவில்லையே (2 சாமு. 24:24).

பை உங்களைக் கடந்து போகும்போது வெறுங்கையோடு அடுத்தவரிடம் கொடுக்க வெட்கப்பட வேண்டாம். பக்கத்திலிருப்பவரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கடன் ஆப்பில் வாங்கிக் காணிக்கை அனுப்பாதீர்கள். ஒருவனிடம் இல்லாததைக் கர்த்தர் கேட்கிறதில்லை (2 கொரி. 8:12).

அனுப்புமுன் திரையில் டிரஸ்ட் பேர் வருகிறதா என்று பாருங்கள். அட்டையின் மேல் வேறு அட்டையை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டால் அவன் திருடன். "பாஸ்டர் பேசுறேன், அவசரமா அனுப்புங்க" என்று என் பேரில் அழைப்பு வந்தாலும் நம்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் நம் கணக்குக்கு அனுப்ப வேண்டாம். அதற்கு அரசாங்கத்தின் எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், நமக்கு அது இல்லை.

கடைசியாக ஒன்று. பை யார் எவ்வளவு போட்டார்கள் என்று சொல்லாது. போன் பேரோடும் தொகையோடும் சொல்லிவிடும். ஆகவே அந்தப் பட்டியலை எனக்குக் காட்ட வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லியிருக்கிறேன். மொத்தத் தொகை மட்டும் எனக்குப் போதும். நானும் மாம்சமுள்ளவன், பார்த்தால் யாக்கோபு 2-ல் சொன்னபடி பெரிய தொகை அனுப்பினவருக்கு நல்ல நாற்காலி போட்டுவிடுவேன். உங்கள் வீட்டில் வியாதி என்றால் நான் ஓடி வருவது நீங்கள் அனுப்பின தொகைக்காக இருக்கக் கூடாது. அந்தரங்கத்தில் பார்க்கிற பிதா ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்தால் போதும்.

அந்த உப்பளத் தாயார் இன்றும் முந்தானை முடிச்சை அவிழ்த்துத்தான் போடுகிறார்கள். பையைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் போகிறவன் யார் தெரியுமா? அந்தச் செல்போன் கடைத் தம்பிதான். இன்று அவன் கணக்கு எண்ணும் இருவரில் ஒருவன். கர்த்தருக்கே மகிமை!

ஜெபிப்போம்: பரிசுத்த பிதாவே, எங்கள் கைகளையும் எங்கள் கணக்குகளையும் சுத்திகரியும். இருக்கிறவனும் இல்லாதவனும் உமது சந்நிதியில் சந்தோஷமாய்க் கொடுக்கக் கிருபை தாரும். எழுப்புதலை எங்கள் சபையிலே ஊழியக்காரனாகிய என்னிடத்திலிருந்து ஆரம்பியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பாஸ்டர்