கற்பிக்கும் நாவின் கடன்

ஆங்கிலம் கற்பிப்பதற்காக ஜப்பானுக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பள்ளி வாயிலில் காலணியைக் கழற்றி, உள்ளே அணிவதற்கென்றே வைத்திருக்கும் வேறொன்றை மாட்டிக்கொண்டு அவர் வகுப்பறைக்குள் நுழைகிறார். பிள்ளைகள் 'சென்செய்' என்று அழைக்கின்றனர். ஆசிரியர் என்பது அதன் பொருள். ஜப்பானிய மொழியில் லகரத்திற்கும் ரகரத்திற்கும் வேறுபாடு கிடையாது. அந்த ஓர் ஒலிக்காக ஒரு சிறுமி மும்முறை முயன்று, மும்முறையும் தவறி, முகம் சிவந்து அமர்கிறாள். "வெட்கப்படாதே, தவறினாலும் பேசு" என்கிறார் ஆசிரியர். நல்ல அறிவுரைதான்.

மாலையில் வீடு திரும்பினால் வாசலில் ஒரு பலகை காத்திருக்கிறது. 'கைரான்பான்' என்பார்கள். தெருச் சங்கத்தின் அறிவிப்புகளைச் செருகி, வீடு வீடாகக் கைமாற்றி அனுப்பும் பலகை அது. படித்ததற்கு அடையாளமாக முத்திரையோ கையொப்பமோ இட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். நம் ஆசிரியருக்கு அதில் ஓர் எழுத்தும் விளங்கவில்லை. படிக்காமலேயே கையொப்பமிட்டு நகர்த்திவிடுகிறார். அறிவிப்பு குப்பையைப் பற்றியதாக இருக்கலாம். எரியும் குப்பைக்கு ஒரு நாள், எரியாததற்கு வேறொரு நாள் என்று வகுத்துக்கொண்ட ஊர்களில், நாள் தவறி வைத்த பை எடுக்கப்படாமல் தெருவிலேயே நிற்கும். அண்டை வீட்டு மூதாட்டி அதைத் தம் வீட்டோரத்தில் எடுத்து வைத்து, உரிய நாளில் வெளியே வைப்பார். ஒரு சொல்லும் சொல்லமாட்டார். சொன்னாலும் இவருக்குப் புரியப் போவதில்லை.

நம்மை உறுத்தும் கேள்வி இதுதான்: சிறுமியிடம் நாள்தோறும் கேட்கும் துணிவைத் தம்மிடமும் கேட்க அவர் கடமைப்பட்டவர் அல்லரா?

இல்லை என்போரின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் வெளிநாட்டு இளைஞர் பல்லாயிரவர் அந்நாட்டுப் பள்ளிகளுக்குத் துணையாசிரியர்களாக வந்துள்ளனர். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டாயமன்று. தெரியாதிருப்பதே நல்லது என்று கூடச் சொல்வதுண்டு. ஆசிரியருக்குத் தன் மொழி புரியாது என்றறிந்தால்தானே மாணவன் ஆங்கிலத்தில் வாய் திறப்பான்? வகுப்பறையைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் வகுப்பறை மாலையில் முடிந்துவிடுகிறது. தெரு முடிவதில்லை.

1848-இல் ரானல்ட் மெக்டொனால்ட் என்ற இளைஞர், அயலாருக்குக் கதவடைத்திருந்த ஜப்பானுக்குள் சிறு படகொன்றில் தனியே வந்திறங்கினார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுசென்று காவலில் வைத்தார்கள். அந்தக் காவலறைக்கே பதினான்கு மொழிபெயர்ப்பாளர்கள் வந்து அவரிடம் ஆங்கிலம் பயின்றனர். அவர்கள் வாசிக்க, இவர் உச்சரிப்பைத் திருத்தினார். தமக்குத் தெரிந்த சொற்ப ஜப்பானியச் சொற்களைக் கொண்டு பொருள் விளக்கினார். அவர்களிடம் கேட்ட சொற்களைத் தாமும் குறித்துவைத்தார். 1849-இல் அமெரிக்கக் கப்பலொன்று அவரை அழைத்துச் சென்றுவிட்டது. அவரிடம் பயின்ற மொரியாமா என்பவர்தாம் பின்னர், 1854-இல், அமெரிக்கருடன் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் மொழிபெயர்த்தவர். கைதியாக இருந்ததால் மெக்டொனால்டுக்குப் பெருமிதம் கொள்ள இடமில்லாமற் போயிற்று என்று சிலர் கூறலாம். இருக்கட்டும்.

லாஃப்காடியோ ஹெர்ன் நம் முடிவைச் சற்றே அசைக்கிறார். 1890-இல் மட்சுவே நகருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தவர், அந்நாட்டுக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ எனப் பெயர் மாற்றிக்கொண்டு, 1904-இல் அந்த மண்ணிலேயே மறைந்தார். பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தும் ஜப்பானிய நூல்களைத் தாமே படித்தறியும் புலமை அவருக்கு வாய்க்கவில்லை. அவருடைய புகழ்பெற்ற பேய்க்கதைகள் பல, மனைவி செட்சு சொல்லச் சொல்லக் கேட்டவை. இருவருக்கும் மட்டுமே விளங்கும் உடைந்த மொழி ஒன்று அவர்களிடையே இருந்தது. ஏட்டைப் பார்க்காமல் உன் சொந்தச் சொற்களில் சொல் என்று அவர் கேட்பாராம். ஆகவே புலமையை அளவுகோலாக வைக்க நமக்கு மனம் வரவில்லை. உழைப்பில் பெரும்பாதி மனைவியுடையது என்பதை மட்டும் மறக்கலாகாது. நூலட்டையில் இருப்பதோ கணவரின் பெயர்.

மீண்டும் பள்ளிக்குச் செல்வோம். நண்பகலில் பிள்ளைகளே வெண்தொப்பி அணிந்து உணவு பரிமாறுகின்றனர். ஆசிரியரும் அவர்களோடு அமர்கிறார். உண்ணுமுன் அனைவரும் 'இதாதகிமாசு' என்கின்றனர். 'தாழ்மையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்பது அதன் பொருள். பிறகு ஆசிரியர் துணிந்து, தம் சிற்றப்பாவைப் பற்றி ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்குகிறார். 'ஒஜிசான்' என்றால் சிற்றப்பா, 'ஒஜீசான்' என்றால் தாத்தா. குறிலும் நெடிலும் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிது. அவர் செவிக்கு எட்டவில்லை. சிற்றப்பா தாத்தாவாகிவிட, மேசை முழுதும் சிரிப்பு. லகரத்தில் தவறிய சிறுமி கரண்டியை வைத்துவிட்டு, இரண்டு சொற்களையும் மெதுவாகச் சொல்லிக் காட்டுகிறாள். அவர் மும்முறை முயல்கிறார்.